தனி ஜெர்பில் வளர்ப்பு

தனி ஜெர்பில் வளர்ப்பு என்பது, இயல்பில் குடும்பமாக வாழும் கொறிணியாகிய மங்கோலிய ஜெர்பிலைத் தன்னினத் துணை இன்றி ஒற்றையாக வீட்டில் வைத்துப் பேணுவதைக் குறிக்கும். ஜெர்பில்கள் 1960களில் இருந்து ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செல்லப் பிராணிகளாக வளர்க்கப்பட்டு வருகின்றன. இவற்றைக் குறைந்தது இரண்டாக வைத்திருக்க வேண்டும் என்பதே விலங்கு நல அமைப்புகளும் அனுபவமுள்ள வளர்ப்பாளர்களும் பொதுவாகக் கூறும் அறிவுரையாகும். ஆயினும் துணை இறந்துபோதல், தீராத சண்டை, நோய் போன்ற காரணங்களால் ஒரு ஜெர்பில் தனித்துவிடுவது உண்டு. அவ்வாறு தனித்த விலங்கின் வாழிடம், உணவு, உடல்நலம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவைப்படுகின்றது. அதற்கு மீண்டும் துணை சேர்ப்பதா, தனியாகவே பேணுவதா என்பது வளர்ப்பவர் எடுக்கவேண்டிய முதன்மையான முடிவாகும்.

பெயரும் வகைப்பாடும்

ஜெர்பில்கள், எலிகளும் சுண்டெலிகளும் அடங்கிய மூரிடே குடும்பத்தில் ஒரு துணைக்குடும்பம் ஆகும். இதில் ஏறத்தாழ நூறு இனங்கள் உள்ளன. இவை ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களின் வறண்ட பகுதிகளில் வாழ்கின்றன. உருவத்தில் ஓரளவு ஒத்திருக்கும் ஆம்ஸ்டர் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆம்ஸ்டருக்கு வால் மிகக் குறுகியது. ஜெர்பிலின் வாலோ ஏறக்குறைய உடலின் நீளம் உடையதாகவும், மயிர் அடர்ந்து நுனியில் குஞ்சம் கொண்டதாகவும் இருக்கும். சிரிய ஆம்ஸ்டர் தனித்து வாழும் இயல்புடையது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, ஆம்ஸ்டரைப் போலவே ஜெர்பிலையும் தனியே வைக்கலாம் என எண்ணுவது பரவலான தவறாகும்.

தமிழ்நாட்டு வேளாண் நூல்களில் வயல் எலிகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்படும் வெள்ளெலி, இந்திய ஜெர்பில் ஆகும். இது இந்தியா, இலங்கை முதல் மேற்காசியா வரை பரவியுள்ள காட்டினம். பேச்சு வழக்கில் வெள்ளெலி என்னும் சொல் ஆய்வுக்கூடத்து வெள்ளை எலியையும் குறிப்பதால், இக்கட்டுரையில் வீட்டு வளர்ப்பினத்துக்கு ஜெர்பில் என்ற பெயரே பயன்படுத்தப்படுகின்றது.

மங்கோலிய ஜெர்பிலின் அறிவியற் பெயர் மெரியோனெஸ் உங்குயிகுலாட்டஸ் ஆகும். முதற்சொல் கிரேக்கத் தொன்மத்தில் வரும் ஒரு போர்வீரனின் பெயர். இரண்டாவது சொல் நகங்களை உடையது என்று பொருள்படும். வளர்ந்த விலங்கு பொதுவாக 60 முதல் 130 கிராம் வரை எடை கொண்டது. பெண்ணைவிட ஆண் சற்றுப் பெரியது. வீட்டில் இவை பெரும்பாலும் 3 முதல் 4 ஆண்டுகள் வாழ்கின்றன.

இயற்கை வாழ்வு

இவ்வினத்தின் தாயகம் மங்கோலியா, வட சீனா, அவற்றை அடுத்த உருசியப் பகுதிகள் ஆகியவற்றின் புல்வெளிகளும் அரைப் பாலைநிலங்களும் ஆகும். அங்கே கோடையில் வெப்பமும் மாரியில் கடுங்குளிரும் நிலவும். ஜெர்பில்கள் குளிர்கால உறக்கத்துக்குச் செல்வதில்லை. மண்ணுள் வளை தோண்டி, அதில் கூட்டறையும் விதைகளைச் சேமிக்கும் அறைகளும் அமைத்து ஆண்டு முழுவதையும் கழிக்கின்றன.

ஒரு வளையில் பொதுவாக ஒரு குடும்பம் வாழும். ஒரு சோடியும், அதன் வெவ்வேறு ஈற்றுக் குட்டிகளும் அதில் இருக்கும். குடும்பத்தினர் ஒருவரையொருவர் மணத்தால் அறிந்துகொள்கின்றனர். வயிற்றின் நடுவே உள்ள வாசனைச் சுரப்பியைத் தரையில் தேய்த்துத் தம் எல்லையைக் குறிக்கின்றனர். அந்நிய ஜெர்பில் எல்லைக்குள் வந்தால் அதைத் துரத்தித் தாக்குவர். ஆபத்தை உணர்ந்த விலங்கு பின்னங்கால்களால் தரையை வேகமாகத் தட்டி ஒலியெழுப்ப, மற்றவை வளைக்குள் ஓடி மறையும். குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக் குவியலாக உறங்குவதும், ஒன்றன் மயிரை மற்றொன்று கோதுவதும் இவற்றின் அன்றாட வழக்கங்கள்.

உறவினரோடு நெருக்கம், அந்நியரோடு பகைமை என்னும் இவ்விரு இயல்புகளே தனி ஜெர்பில் வளர்ப்பின் சிக்கலுக்கு அடிப்படையாகும். முதல் இயல்பினால் அது துணையை நாடுகின்றது. இரண்டாவது இயல்பினால் புதிய துணையை எளிதில் ஏற்க மறுக்கின்றது.

வளர்ப்பு வரலாறு

பிரெஞ்சு மதகுருவும் இயற்கையியலாளருமான ஆர்மண்ட் டேவிட் 1866 இல் வட சீனாவிலிருந்து இவ்விலங்கின் மாதிரிகளைப் பாரிஸ் நகருக்கு அனுப்பினார். 1867 இல் அல்போன்ஸ் மில்ன்-எட்வர்ட்ஸ் இதனை அறிவியல் முறைப்படி விவரித்தார். 1935 இல் பிடிக்கப்பட்ட 20 சோடிகள் ஆய்வுக்காக ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றின் வழிவந்த விலங்குகள் 1954 இல் ஐக்கிய அமெரிக்காவில் விக்டர் ஷ்வென்ட்கர் என்பவரின் வளர்ப்புப் பண்ணைக்கும், 1964 இல் ஐக்கிய இராச்சியத்துக்கும் சென்றன. மேலைநாட்டு வீடுகளில் உள்ள ஜெர்பில்களில் மிகப் பெரும்பாலானவை இச்சிறு தொகுதியின் வழித்தோன்றல்களே.

வலிப்பு, பக்கவாதம், செவிப்புலன் ஆகியவை பற்றிய ஆய்வுகளில் ஜெர்பில் முக்கிய இடம் பெற்றது. 2003 இல் வெளியான ஓர் ஒப்பாய்வு, காட்டில் பிடிக்கப்பட்டவற்றைவிட ஆய்வுக்கூட ஜெர்பில்களுக்கு மூளை சிறிதாக இருப்பதைக் காட்டி, இவை வீட்டு விலங்காக மாறிவருவதற்கு அதைச் சான்றாகக் கொண்டது. எனினும் வளை தோண்டுதல், குடும்பமாக வாழ்தல் ஆகிய இயல்புகள் இவற்றில் மாறாமல் நிலைத்துள்ளன.

தனிமையும் அதன் அறிகுறிகளும்

ஜெர்பில் ஒன்று தனித்துவிடுவதற்கான பொதுவான காரணங்கள் வருமாறு:

* உடன்வாழ்ந்த துணை இறந்துபோதல்.
* கூட்டம் பிளவுபடுதல். நெடுநாள் இணைந்திருந்த விலங்குகளும் சில வேளைகளில் திடீரெனப் பகைத்துக் கடுமையாகச் சண்டையிடும். மூன்றோ அதற்கு மேலோ பெண்கள் உள்ள கூட்டங்களில் இது கூடுதலாகக் காணப்படுகின்றது. இரத்தம் வரச் சண்டையிட்டவற்றை உடனே பிரித்துவிட வேண்டும்.
* நோய் அல்லது காயம் காரணமாகப் பிரித்து வைத்தல்.
* கடையில் ஒற்றையாக வாங்குதல். தவிர்க்கக்கூடிய காரணம் இதுவே. புதிதாக வளர்க்கத் தொடங்குவோர் ஒரே ஈற்றில் பிறந்த, ஒரே பாலினத்தைச் சேர்ந்த இரு குட்டிகளை வாங்குவது சிறந்தது.

துணையை இழந்த ஜெர்பில் சில நாட்கள் கூட்டை விட்டு வெளிவராமல் இருக்கலாம், உணவைக் குறைக்கலாம், கூட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டலாம். சில விலங்குகளிடம் வெளிப்படையான மாற்றம் எதுவும் தெரிவதில்லை. ஒரே மூலையை ஓயாமல் பறாண்டுதல், கம்பியை இடைவிடாது கடித்தல், தன் மயிரைத் தானே மழித்தல், விளையாட்டில் நாட்டமின்றி உறங்கியே கிடத்தல் ஆகியவை நீடித்தால் அவற்றை நலக்குறைவின் அடையாளமாகக் கொள்ள வேண்டும். இவற்றுள் பல, நோயினாலும் தோன்றக்கூடும். ஆகவே 'துக்கம்' என்று எண்ணிக் காத்திராமல், ஓரிரு நாட்களுக்கு மேல் உண்ணாதிருக்கும் விலங்கைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது. இறந்த துணைக்குத் தொற்றுநோய் இருந்ததா என்பதையும் அப்போது கேட்டறியலாம்.

கண்ணாடியில் தெரியும் தன் உருவமோ, பொம்மையோ துணைக்கு ஈடாகாது. ஆம்ஸ்டர், சுண்டெலி, முயல் போன்ற வேற்றினங்களை உடன் விடுவது இரண்டுக்கும் ஆபத்தானது.

வாழிடம்

கண்ணாடித் தொட்டி

கம்பிக் கூண்டைவிட, மீன் வளர்க்கும் பெரிய கண்ணாடித் தொட்டியே ஜெர்பிலுக்கு ஏற்றது. இதில் ஆழமாகப் படுக்கை நிரப்பலாம். தோண்டும்போது மரச்சீவல் வெளியே சிந்தாது. மேற்புறத்தைக் காற்றோட்டமுள்ள கம்பிவலை மூடியால் இறுக மூட வேண்டும், ஏனெனில் ஜெர்பில்கள் உயரமாகத் தாவக்கூடியவை. ஞெகிழிக் கூண்டுகளை இவை எளிதில் கடித்துத் துளைத்துவிடும். தனி விலங்கு என்பதற்காகத் தொட்டியின் அளவைக் குறைக்கலாகாது. உடன் விளையாட எவரும் இல்லாத விலங்குக்கு அதன் வாழிடமே உலகமாகும்.

படுக்கையும் வளையும்

குறைந்தது 20 முதல் 30 செ.மீ ஆழத்துக்குப் படுக்கை இருத்தல் வேண்டும். ஆஸ்பென் போன்ற மரங்களின் தூசியற்ற சீவல், காகிதப் படுக்கை, உலர்புல் ஆகியவற்றைக் கலந்து அழுத்தி நிரப்பினால் வளை இடிந்து விழாமல் நிற்கும். தேவதாரு வகை மரங்களின் மணமுள்ள சீவல் மூச்சுக்குழாய்க்கும் ஈரலுக்கும் கேடு விளைவிக்கும்.

கூண்டு ஜெர்பில்களிடம் காணப்படும் ஓயாத பறாண்டுதல் பற்றிச் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டோப் வீடன்மையர் ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1997 இல் வெளியிட்டார். தோண்டுவதற்கு உலர்ந்த மணல் மட்டும் தரப்பட்ட குட்டிகளிடம் இப்பழக்கம் தோன்றியது. ஆனால், ஆயத்தமான வளையில் வளர்ந்த குட்டிகளிடம், தோண்ட மணல் இல்லாதபோதும், அது தோன்றவில்லை. அதாவது விலங்கு நாடுவது தோண்டும் செயலை அன்று. தோண்டி முடித்தபின் கிடைக்கும் பாதுகாப்பான வளையையே ஆகும். நுழைவு வழி ஒரு குழாயாக அமைந்த இருண்ட அறை இப்பழக்கத்தைத் தடுக்க உதவும் எனப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின. எனவே, வெறும் திறந்த வீட்டுப் பெட்டியைவிட, ஒளிபுகாத நீண்ட குழாய் பொருத்திய மரப்பெட்டியைப் படுக்கையினுள் புதைத்து வைப்பது நல்லது.

தனி ஜெர்பிலுக்குக் கூட்டறை வேறொரு வகையிலும் முக்கியமானது. குவியலாக உறங்கும்போது கிடைக்கும் உடல்வெப்பம் அதற்கு இல்லை. ஆதலால் நிறமோ மணமோ ஊட்டப்படாத மெல்லிய காகிதத்தைக் கூடுதலாகத் தர வேண்டும். அதைக் கிழித்துக் கூடு கட்டுவதே அதற்கு ஒரு நல்ல வேலையாகவும் அமையும். பஞ்சு போன்ற நூலிழைப் பொருட்கள் காலில் சுற்றிக்கொள்ளக் கூடியவை. விழுங்கினால் குடலையும் அடைக்கும்.

பிற பொருட்கள்

* ஓடு சக்கரம்: முதுகு வளையாதபடி 28 முதல் 30 செ.மீ விட்டம் உடையதாக இருக்க வேண்டும். ஆரக்கால்களில் வால் சிக்கிக்கொள்ளும் என்பதால் ஓடுதளம் இடைவெளியின்றி அமைய வேண்டும்.
* மணற் குளியல்: தூசி பறக்காத நுண்மணலை அகன்ற கிண்ணத்தில் வைத்தால், ஜெர்பில் அதில் புரண்டு மயிரிலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்கிக்கொள்ளும். நீரில் குளிப்பாட்டக் கூடாது.
* கடிக்கும் பொருள்: வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால் அட்டைக் குழல், நஞ்சற்ற மரக்கிளை ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும்.

வெப்பமும் ஈரப்பதமும்

18 முதல் 24 பாகை செல்சியசு வரையான வெப்பநிலை ஏற்றது. தொட்டியை வெயில் படும் சன்னலருகே வைக்கக் கூடாது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் மயிர் பசைபிடித்துச் சிலிர்த்து நிற்கும்.

படுக்கை முழுவதையும் ஒரே நாளில் மாற்றினால் விலங்கு தன் மணத்தை இழந்து கலக்கமடையும். ஜெர்பில் பாலைநில விலங்காதலால் சிறுநீர் குறைவு, நாற்றமும் குறைவு. நனைந்த பகுதியை மட்டும் அவ்வப்போது அகற்றி, முழுத் தூய்மையின்போது பழைய படுக்கையின் ஒரு பகுதியைத் திரும்ப இடுவது வழக்கம்.

உணவும் நீரும்

தினை வகைகள், ஓட்ஸ், கோதுமை, சிறு விதைகள், உலர்ந்த மூலிகைகள் ஆகியவற்றின் கலவை அடிப்படை உணவாகும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி போதுமானது. சூரியகாந்தி விதையை ஜெர்பில்கள் மிக விரும்பும். ஆனால் அதில் கொழுப்பு மிகுதி, கால்சியம் குறைவு. கலவையிலிருந்து அதை மட்டும் பொறுக்கி உண்ணும் விலங்கு பருத்து நோயுறும். வேகவைத்த முட்டை, உலர்ந்த புழு ஆகியவற்றை வாரம் ஓரிரு முறை சிறிதளவு தரலாம். வெள்ளரி, கேரட் போன்றவற்றைச் சிறு துண்டுகளாகத் தரலாம். மிகுந்தால் கழிச்சல் உண்டாகும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், தக்காளிச் செடியின் இலை ஆகியவை ஆகா.

உணவைக் கிண்ணத்தில் குவிப்பதைவிடப் படுக்கை மீது தூவியோ, அட்டைக் குழலில் அடைத்தோ தருவது தனி விலங்குக்குப் பயனுள்ளது. தேடுதல், தோண்டுதல், பதுக்குதல் ஆகிய வேலைகளில் அதன் பொழுதின் பெரும்பகுதி கழியும். பாலைநில விலங்கு என்றாலும் தூய நீர் எந்நேரமும் கிடைக்க வேண்டும். நீர்ப்புட்டியின் குழல் அடைபட்டுள்ளதா என நாள்தோறும் பார்த்தல் அவசியம்.

மனிதருடன் பழக்கம்

மனிதர் ஜெர்பிலின் மயிரைக் கோதவோ, அதனோடு கூட்டில் உறங்கவோ இயலாது. எனினும் பொறுமையான பழக்கம் அதன் நாளை நிறைவுள்ளதாக்கும். ஜெர்பில்கள் பகலிலும் இரவிலும் மாறிமாறிச் சிலமணி நேரம் விழித்தும் உறங்கியும் இருப்பவை. விழித்திருக்கும் வேளைகளில் நாள்தோறும் சிலமுறை அதனுடன் இருப்பது நல்லது, உறங்குவதை எழுப்பலாகாது.

முதலில் திறந்த கையைப் படுக்கைமீது அசையாமல் வைத்து, அது தானாக ஏறிவரக் காத்திருக்க வேண்டும். மேலிருந்து திடீரெனப் பிடித்தால் பருந்தைக் கண்டதுபோல் அஞ்சும். தூக்கும்போது இரு கைகளையும் குவித்து அடியிலிருந்து ஏந்த வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்குதல் ஒருபோதும் கூடாது. பகைவிலங்கிடமிருந்து தப்புவதற்காக வாலின் தோல் உரிந்து கழன்றுவிடும். உரிந்த தோல் மீண்டும் வளர்வதில்லை.

மின்கம்பிகளும் இடுக்குகளும் இல்லாத, அடைப்புள்ள தரையில் வளர்ப்பவர் அமர்ந்து அதைத் தம்மேல் ஏறி விளையாட விடலாம். மகிழ்ந்த ஜெர்பில் பற்களை மெல்ல அரைத்து அதிர்வொலி எழுப்பும். பின்னங்காலால் தட்டத் தொடங்கினால் விளையாட்டை நிறுத்தி அதன் இடத்தில் விட்டுவிட வேண்டும்.

உடல்நலம்

இணையாக வாழும்போது எது உண்டது, எது உண்ணவில்லை என்று அறிவது கடினம். தனி விலங்கிடம் உணவு, நீர், புழுக்கை ஆகியவற்றில் ஏற்படும் மாற்றம் உடனே தெரிந்துவிடும். தனி வளர்ப்பில் உள்ள ஒரு சாதகம் இது. வாரந்தோறும் சமையலறைத் தராசில் எடைபார்த்துக் குறித்து வைத்தால், வெளித்தெரியாத நோயையும் முன்னதாக அறியலாம்.

* வலிப்பு: இவ்வினத்தில் பிறவியிலேயே வலிப்புப் போக்கு உள்ளது. புதிய இடம், திடீர் ஓசை, முரட்டுக் கையாளுகை ஆகியவை அதனைத் தூண்டும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கும். விலங்கைத் தொடாமல் இருட்டில் அமைதியாக விட்டுவிட வேண்டும்.
* செந்நிறக் கசிவு: கண்ணருகிலுள்ள சுரப்பி செந்நிறப் பொருளைச் சுரக்கின்றது. அது மூக்கிலும் கண்ணிலும் படிந்து இரத்தம் போலத் தோன்றும். மன உளைச்சல், தூசி, ஈரப்பதம் ஆகியவற்றால் இது மிகுந்து மூக்கைச் சுற்றிப் புண்ணாகும்.
* வாசனைச் சுரப்பிக் கட்டி: முதிய ஆண்களில் மிகுதியாகக் காணப்படும். வயிற்று நடுவில் புண், வீக்கம் உள்ளதா என அடிக்கடி பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே அறுவை செய்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி.
* சூலகக் கட்டி: முதிய பெண்களில் வயிறு பக்கவாட்டில் உப்பும்.
* டைசர் நோய்: பாக்டீரியாவால் உண்டாவது. ஜெர்பில்கள் இதற்கு எளிதில் ஆட்படும். சோர்வு, கழிச்சல் ஆகியவற்றோடு விரைவில் இறப்பு நேரிடலாம்.
* தலை சாய்தல்: உட்காதில் தொற்றோ கட்டியோ இருப்பதைக் காட்டலாம்.

ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி ஜெர்பில்களுக்கு நஞ்சாகும். எனவே, பிற விலங்குகளுக்கு எழுதப்பட்ட மருந்தை மருத்துவரைக் கேளாமல் தரக் கூடாது.

புதிய துணை சேர்த்தல்

இரு அந்நிய ஜெர்பில்களை நேரே ஒன்றாக விட்டால், அவை ஒன்றையொன்று கொல்லவும் கூடும். ஆகவே 'பிரித்த தொட்டி' முறை கையாளப்படுகின்றது. தொட்டியின் நடுவே சிறுகண் கம்பிவலை ஒன்று அசையாதபடி நிறுத்தப்படும். மூக்கு கடிபடாதிருக்க இரட்டை வலை இடுவோரும் உண்டு. பக்கத்துக்கொன்றாக விலங்குகளை விட்டு, நாள்தோறும் பலமுறை இடம் மாற்ற வேண்டும். இதனால் ஒன்றன் மணம் மற்றொன்றின் மணத்தோடு கலந்து பழகிப்போகின்றது. ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை சென்றபின், இரண்டும் வலையோரம் அருகருகே கூடு கட்டி உறங்கினால் அது நல்ல அறிகுறி.

பின்னர் வலையை நீக்கிப் பொருட்கள் எதுவுமற்ற சிறிய இடத்தில் ஒன்றாக விட்டுப் பல மணிநேரம் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். ஒன்று பணிந்து கிடக்க மற்றது மயிர் கோதுவது இணக்கத்தின் அடையாளம். மயிர் சிலிர்த்துப் பக்கவாட்டில் நிற்றல், விடாது துரத்துதல், பந்துபோல் உருண்டு கடித்தல் ஆகியவை சண்டையின் அடையாளங்கள். அப்போது தடித்த கையுறை அணிந்து பிரித்து, மீண்டும் தொடக்கத்திலிருந்து முயல வேண்டும். இனப்பெருக்கம் வேண்டாதோர் ஒரே பாலினத்தையே சேர்க்க வேண்டும்.

முதிய ஆண், இளங்குட்டி ஒன்றை ஏற்பது ஓரளவு எளிது. வயது வந்த இரு பெண்களை இணைப்பது கடினம். இதில் வேறொரு சிக்கலும் உண்டு: முதியது இறந்தபின் புதிய துணை தனித்துவிடும். அதற்கும் துணை தேடினால் இச்சங்கிலி முடிவின்றித் தொடரும். இதைக் கருதி, ஏறக்குறைய ஒத்த வயதுடைய மற்றொரு தனித்த ஜெர்பிலைத் தேடுவோரும், ஒரே நேரத்தில் இரு குட்டிகளை ஏற்போரும் உளர். நோயுற்ற, மிகவும் முதிர்ந்த, அல்லது பலமுறை முயன்றும் எவரையும் ஏற்காத விலங்கை அமைதியாகத் தனியே பேணுவதே அதற்கு நன்மை பயக்கும்.

முதுமை

மூன்று வயதை எட்டிய ஜெர்பில் மெலிந்து, நடை தளரும். படிகளையும் உயரமான தளங்களையும் தாழ்த்தி, நீர்ப்புட்டியைக் கீழே பொருத்தி, கூட்டுக்கு அருகில் உணவை வைக்க வேண்டும். கடின விதைகளை உடைக்க இயலாதபோது ஊறவைத்த தானியம் தரலாம். இந்நிலையில் தொட்டியை மாற்றாமல், பழகிய வளையையும் பழகிய மணத்தையும் அப்படியே விட்டுவைப்பது சிறந்தது.

சட்டங்கள்

சுவிட்சர்லாந்தின் 2008 ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள் ஜெர்பிலைக் கூடிவாழும் இனமாக வகைப்படுத்தி, குறைந்தது இரண்டாக வைத்திருக்க வேண்டும் என்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா, ஹவாய் ஆகிய மாநிலங்களில் ஜெர்பிலைச் செல்லப் பிராணியாக வளர்க்கத் தடை உள்ளது. தப்பியவை காட்டில் பெருகிப் பயிர்களுக்கும் உள்ளூர் உயிரினங்களுக்கும் ஊறு செய்யக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

இவற்றையும் பார்க்கவும்

* கொறிணி
* வெள்ளெலி
* ஆம்ஸ்டர்
* கினி எலி
* செல்லப் பிராணி